"அண்ணா, மெதுவா போங்க"

கேள்வி: என் மகளுக்குப் பெருங்குடியில் வேலை. பஸ் நேரத்துக்குக் கிடைக்காததால் மடிப்பாக்கத்திலிருந்து தினமும் பைக் டாக்சியில்தான் போகிறாள். போன வாரம் வந்த பையன் போனைப் பார்த்துக்கொண்டே ராங் சைடில் ஏறி, எதிரே வந்த தண்ணி லாரியை உரசுகிற மாதிரி போனானாம். வீட்டுக்கு வந்து நெடுநேரம் பேசாமலே உட்கார்ந்திருந்தாள். "இனிமேல் அதில் போகாதே" என்றால், "ஆட்டோவுக்கு யார் காசு கொடுப்பது?" என்கிறாள். நான் என்னதான் செய்வது?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: போகாதே என்று மட்டும் சொல்லாதீர்கள் அம்மா. சொன்னால் உங்களிடம் சொல்லாமல் போவாள், எந்த வண்டியில் போனாள் என்பதுகூட உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். அதற்குப் பதிலாக, நடு வழியில் வாயைத் திறக்கப் பழக்குங்கள். நம் பெண்களுக்கு இதில்தான் தயக்கம், "அவர் கோபப்பட்டால் என்ன செய்வது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஏறும்போதே "அண்ணா, எனக்கு அவசரமில்லை, மெதுவா போங்க, போன் வந்தா ஓரமா நிறுத்திப் பேசுங்க" என்று சொல்லிவிட வேண்டும். நான் எப்போதும் இதைச் சொல்லிவிட்டுத்தான் ஏறுவேன், பெரும்பாலான தம்பிகள் கேட்டுக்கொள்கிறார்கள். கேட்காவிட்டால் ஆள் நடமாட்டமுள்ள பஸ் ஸ்டாப்பாகப் பார்த்து நிறுத்தச் சொல்லி, காசைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடலாம். நாற்பது ஐம்பது ரூபாய் போனால் போகட்டும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும், அடுத்த ஆர்டர் வந்திருக்கிறதா என்று இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 33 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அதுவும் ஓ.எம்.ஆர். பக்கம் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துச் சாலையைக் குறுக்கியிருந்த இடங்களில், மழை பெய்தால் பள்ளம் எது, தண்ணீர் எது என்றே தெரியாது. கையில் போனோடு ஓட்டுவது, சிவப்பு விளக்கைத் தாண்டுவது, எதிர்த்திசையில் போவது எல்லாமே மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவில் ஆபத்தாக ஓட்டும் குற்றமாக வரக்கூடியவை. முதல் தடவையே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் சேர்த்துக்கூட விதிக்கலாம். செயலியில் புகார் போடும்போது "மோசமாக ஓட்டினார்" என்று பொதுவாக எழுதாமல் இடம், நேரம், என்ன செய்தார் என்று எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வண்டியின் நம்பர் பிளேட் வெள்ளையா மஞ்சளா என்று ஏறும் முன் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளை என்றால் அது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. அப்படிப்பட்ட பைக்குகளையும் பயணிகளை ஏற்ற மாநிலங்கள் அனுமதிக்கலாம் என்று மத்திய அரசு 2025 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது, ஆனால் முடிவு மாநிலத்தின் கையில்தான். வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ், அதாவது வண்டி மோதி அடிபடும் வெளி ஆட்களுக்கான காப்பீடு, மட்டும் இருந்தால், பின்னால் உட்கார்ந்து போகிறவருக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லியிருக்கிறது. அதனால் அந்த நிறுவனம் பயணிக்குத் தனியாகக் காப்பீடு தருகிறதா, எவ்வளவு என்று செயலியில் தேடிப் படித்து வைத்துக்கொள்வது நல்லது. அப்படி ஏதும் நடக்கவே கூடாது, ஆனாலும் தெரிந்திருக்கட்டும்: சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், தனியார் என்றாலும் இலவசம்.

கேள்வி: நான் இரண்டு வருடமாகப் பைக் டாக்சி ஓட்டுகிறேன். ரோட்டில் எல்லாரும் எங்களைத்தான் திட்டுகிறார்கள். பின்னால் உட்காருகிறவரே "சிக்னல்ல போலீஸ் இல்ல, போங்க" என்கிறார், லேட்டானால் ஸ்டாரைக் குறைக்கிறார். இத்தனை ட்ரிப் முடித்தால்தான் இன்சென்டிவ். மெதுவாக ஓட்டினால் பெட்ரோல் போக என்ன மிஞ்சும்?
– வாசகர், வேளச்சேரி

பதில்: தம்பி, உங்கள் வருத்தம் நியாயமானது. ட்ரிப் கணக்கை வைத்துக் காசு கொடுத்தால் வண்டி பறக்கத்தான் செய்யும், அந்தக் கணக்கைப் போட்டவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. பயணிகளும் கேட்டுக்கொள்ளுங்கள், பத்து நிமிடம் முன்னால் கிளம்பாதது உங்கள் தவறு, அதை அந்தப் பையனின் தலையில் கட்டாதீர்கள். ஆனால் தம்பி, சந்தில் புகுந்து கட் அடித்து மிச்சம் பிடித்த நேரம் அடுத்த சிக்னலில் போய்விடுகிறது. வேளச்சேரியிலிருந்து கிண்டி வரை ஒரு நாள் அடித்துப் பிடித்தும், ஒரு நாள் நிதானமாகவும் ஓட்டிக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு கால் முறிவு என்றால் மூன்று மாதம் வீட்டில், அந்த மூன்று மாதத்துக்கு யார் இன்சென்டிவ் தருவார்கள்? சிக்னல் தாண்டச் சொல்கிறவரிடம் "சார், மாட்டினா ஃபைன் நான்தான் கட்டணும்" என்று சொல்லிவிடுங்கள், அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

கேள்வி: ஓட்டுநர் கொடுக்கும் ஹெல்மெட் வியர்வை நாற்றம். மூன்று கிலோமீட்டர்தானே, மடியில் வைத்துக்கொண்டு போகலாமா?
– வாசகி, தரமணி

பதில்: கூடாது. பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம், இல்லையென்றால் அபராதம் 1,000 ரூபாய். தினமும் போகிறவர் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே ஒரு பருத்தித் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், தாடைப் பட்டையை 'டக்' என்று சத்தம் வரும்வரை மாட்டுங்கள். மாட்டாத ஹெல்மெட் விழும்போது தலைக்கு முன்னால் அதுதான் கழன்று ஓடும்.