வீடு வாங்கும் முன் சிக்னலைக் கணிக்க முடியுமா?

கேள்வி: கூடுவாஞ்சேரி அருகே புதிய அடுக்ககத்தில் தரைத்தள வீடு ஒன்றைப் பேசி வைத்திருக்கிறோம். நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். மொட்டை மாடியில் நின்றால் டவர் கண்ணுக்குத் தெரிகிறது, பேச்சும் தெளிவாக இருக்கிறது. படுக்கையறைக்குள் வந்தால் அழைப்பு துண்டிக்கப்படுகிறது. முன்பணம் கொடுப்பதற்குள் இதைக் கணிக்க வழி உண்டா?

பதில்: தெருவுக்குக் கணிக்கலாம், அறைக்கு அளந்துதான் பார்க்க வேண்டும். டோக்கியோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் எடுத்த அளவீடுகளைக் கொண்டு ஜப்பானியப் பொறியாளர் ஒகுமுராவின் குழுவினர், தொலைவு கூடக்கூட சிக்னல் எப்படிக் குறைகிறது என்று காட்டி 1968இல் வெளியிட்ட வரைகோடுகளை, 1980இல் ஹாட்டா என்பவர் சூத்திரமாக்கினார். அதன்படி 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஒரே தொலைவில், புறநகரில் வழியில் ஏற்படும் சிக்னல் இழப்பு நகரத்தைவிட ஏறக்குறைய 10 டெசிபல் (சிக்னல் வலிமையை ஒப்பிடும் அலகு) குறைவு. ஆனால் அது கட்டடத்துக்கு வெளியே, தெருவில் கிடைக்கும் சிக்னலின் சராசரிக் கணக்கு; உங்கள் கான்கிரீட் சுவரும், டவருக்கும் உங்களுக்கும் நடுவே இன்று காலியாகக் கிடந்து நாளை நான்கு மாடியாக எழப்போகும் மனையும் அதற்குத் தெரியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024ஆம் ஆண்டு விதிமுறைப்படி செல்போன் நிறுவனங்கள் தம் இணையதளத்தில் வெளியிடும் சேவைப் பரப்பு வரைபடத்தையும் இந்த எச்சரிக்கையோடுதான் பார்க்க வேண்டும்.

ஆகவே, கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, நீங்கள் மேசை போடவிருக்கும் மூலையிலேயே அளந்து பாருங்கள். போன் திரையின் மேலே தெரியும் சிக்னல் கோடுகளை நம்ப வேண்டாம். அவை போனுக்குப் போன் மாறும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில், அமைப்புகளில் 'போனைப் பற்றி' என்ற பகுதிக்குள் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் வலிமை எண்ணாகத் தெரியும். 4ஜியில் மைனஸ் 90 என்றால் கவலையில்லை. மைனஸ் 110க்கும் கீழே இறங்கினால் அழைப்பு தடுமாறும். பத்து டெசிபல் குறைவது சிக்னல் பத்தில் ஒரு பங்காவதற்குச் சமம் என்பதால், மாடிக்கும் அறைக்கும் உள்ள வேறுபாட்டைச் சிறிதென்று எண்ணிவிடாதீர்கள். உறவினர்களிடம் உள்ள வேறு நிறுவன சிம்களையும் அதே மூலையில் சோதியுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அலைவரிசை மாறலாம்; 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் 2300ஐவிடச் சுவரை எளிதாகக் கடக்கும். நெரிசல் மிகுந்த இரவு எட்டு மணிக்கு ஒருமுறை போய்ப் பேசிப் பார்ப்பதும் அவசியம்.

எந்த சிம்மும் எடுக்கவில்லை என்றால், வீட்டு இணைய இணைப்பின் மூலம் பேசும் வைஃபை வழி அழைப்பு வசதி கைகொடுக்கும். கடைகளில் விற்கும் சிக்னல் பூஸ்டரை மட்டும் வாங்காதீர்கள். அனுமதியின்றி அதைப் பொருத்துவது சட்டப்படி குற்றம், அக்கம்பக்கத்தாரின் சேவையையும் அது கெடுக்கும். அந்த இணையத்துக்காக, கட்டடத்துக்கு ஃபைபர் இணைப்பு வந்துவிட்டதா, எந்த இணைய நிறுவனங்களை உள்ளே அனுமதிப்பார்கள் என்பதைக் கட்டுநரிடம் எழுத்தில் பெற்றுக்கொண்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.