பட்டம் இருக்கிறது, வேலை தெரியவில்லை!

கேள்வி: சிறிய தொழிற்கூடம் ஒன்றை நடத்துகிறேன். மின்பராமரிப்பு வேலைக்கு வந்த பட்டதாரிகள் ஆறு பேரிடம் மல்டிமீட்டரைக் கொடுத்து மின்னழுத்தத்தை அளக்கச் சொன்னேன். நான்கு பேருக்குச் சிவப்புக் கம்பியை எந்தத் துளையில் செருகுவது என்றே தெரியவில்லை. கல்லூரிகளில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

பதில்: ஓம் விதியைக் கேட்டிருந்தால் அந்த நால்வரும் மூச்சுவிடாமல் ஒப்பித்திருப்பார்கள். ஆய்வகத்தில் பத்து மாணவருக்கு ஒரு கருவி என்றால், ஒருவர் அளக்க, மற்ற ஒன்பது பேரும் அவர் சொல்லும் எண்களைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். மதிப்பெண் பத்துப் பேருக்கும் கிடைத்துவிடும். கல்வி ஒருவருடைய வேலைத்திறனைச் சற்றும் கூட்டாவிட்டாலும், திறமையுள்ளவரை இனங்காட்டும் குறியாகவே அதற்குச் சந்தையில் மதிப்பு உண்டாக முடியும் என்று பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973ஆம் ஆண்டிலேயே விளக்கியிருக்கிறார். அந்தக் குறியை மட்டும் பார்த்து ஆள் எடுத்துப் பழகியவர்கள் முதலாளிகள்தாம் என்பதால், பழி முழுவதையும் கல்லூரியின் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

நீங்களே கற்றுக்கொடுக்கலாமே என்றால், கற்றுக்கொண்டதும் அடுத்த கூடத்துக்குப் போய்விடுவான் என்பீர்கள். எங்கும் செல்லுபடியாகும் திறனுக்கு எந்த நிறுவனமும் எளிதில் செலவு செய்யாது என்று பொருளியலாளர் கேரி பெக்கர் 1964ஆம் ஆண்டில் எழுதியது இந்த அச்சத்தைப் பற்றித்தான். எல்லாரும் இப்படியே நினைத்தால், பயிற்சி பெற்றவர் எங்கிருந்து வருவார்? ஜெர்மனியில் 1969ஆம் ஆண்டில் வந்து பின்னர் புதுப்பிக்கப்பட்ட தொழிற்பயிற்சிச் சட்டத்தின் கீழ், தொழில் பழகுபவர் பெரும்பாலும் இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள் வரை, சில நாள் தொழிற்பள்ளியிலும் மற்ற நாள்களில் நிறுவனத்திலுமாக, ஊதியத்துடன் பயில்கிறார். பிரிட்டனோ 2017ஆம் ஆண்டு முதல், ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்களிடம் 0.5 சதவீதத் தொழிற்பயிற்சித் தீர்வை வாங்குகிறது. தனியொரு முதலாளியின் பெருந்தன்மையை நம்பி இந்தக் காரியம் நடக்காது என்பதை இரு நாடுகளும் உணர்ந்திருக்கின்றன.

அது இருக்கட்டும், அளக்கத் தெரிந்த மற்ற இருவரைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே? சம்பளத்தைக் கேட்டுவிட்டு அவர்கள் திரும்பிப் போயிருந்தால், உங்களுடையது ஆள் தட்டுப்பாடு ஆகாது, சம்பளக் குறைவுதான். செவிலியர் போன்ற பணிகளில் ஊதியத்தை உயர்த்தினாலும் புதியவர் பயின்று வர ஆண்டுகள் ஆகும். மல்டிமீட்டரைப் பிடிக்க ஒரு வாரம் போதும்.

கேள்வி: ‘புதியவர்களும் விண்ணப்பிக்கலாம்’ என்ற விளம்பரத்திலேயே ‘இரண்டாண்டு அனுபவம் அவசியம்’ என்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: துறைக்கு ஒருவராகச் சேர்த்த தகுதிகளை யாரும் ஒருமுறை வாசித்துப் பார்க்காமல் வெளியிட்டிருப்பார்கள். அடிப்படைத் தகுதி இருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். இறுதியாண்டில் நீங்களே செய்த வேலை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் எது பழுதானது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நான்கு வரிகள் எழுதி இணையுங்கள். ‘கடின உழைப்பாளி’ என்ற வரியை அடித்துவிடலாம்.