முடிவில்லாத வெளிக்கும் ஒரு கிளாஸ்: கேள்வி பதில்

கேள்வி: பைத்தானில் ஹோமாலஜி (ஒரு வடிவத்தில் ஒவ்வொரு பரிமாணத்திலும் உள்ள ஓட்டைகளை எண்ணும் கணக்கு) கணக்கிட ஒரு புரோகிராம் எழுதுகிறேன் சார். ஒவ்வொரு சிம்ப்ளெக்ஸையும் (புள்ளி, விளிம்பு, முக்கோணம் போன்ற அடிப்படைத் துண்டு) தனி ஆப்ஜெக்டாக வைக்கலாமா?

பதில்: வேண்டாம். உச்சிகளின் எண்களை வரிசைப்படுத்தி ஒரு டியூப்பிளில் போட்டால் போதும். 7 உச்சியில் கட்டிய டோரஸில் (டோனட்டின் மேற்பரப்பு) 21 விளிம்பு, 14 முக்கோணம்தான். எப்படி எழுதினாலும் ஓடும். லட்சக்கணக்கில் போகும்போதுதான் மெமரி திணறும். கிளாஸ் தேவைப்படுவது செயின் காம்ப்ளெக்ஸுக்கு, அதாவது எல்லாப் பரிமாணத் துண்டுகளையும் அவற்றின் எல்லைகளையும் சேர்த்து வைக்கும் அமைப்புக்கு. முதல் டெஸ்ட், எல்லையின் எல்லை 0 ஆகிறதா என்பது. கூட்டல் கழித்தல் குறியைக் கோட்டைவிட்டிருந்தால் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: டோரஸுக்கும் கிளைன் பாட்டிலுக்கும் (உள், வெளி என்ற வேறுபாடு இல்லாத பரப்பு) பரிமாணம் 0, 1, 2-இல் ஒரே விடை, 1, 2, 1. கோடில் தப்பா?

பதில்: கோடு சரி. மாடுலோ 2-இல் (0, 1 மட்டும்; 1+1=0) கணக்கிட்டிருப்பீர்கள். விகிதமுறு எண்களில் கிளைன் பாட்டிலுக்கு 1, 1, 0 வரும். ஆனால் அதிலும் முறுக்கல் பகுதி (சில மடங்கு எடுத்தால் 0 ஆகிவிடும் உறுப்புகள்) காணாமல் போகும். அது வேண்டுமென்றால் முழு எண்களில் மேட்ரிக்ஸை மூலைவிட்டமாகச் சுருக்கும் ஸ்மித் வடிவம்தான் வழி. எந்த எண்களில் கணக்கு என்பதை மெத்தடுக்குள் புதைக்காமல் வெளியிலிருந்து கொடுங்கள்.

கேள்வி: லூப் ஸ்பேஸ் (ஒரு புள்ளியில் தொடங்கி அங்கேயே முடியும் பாதைகள் எல்லாம் சேர்ந்த வெளி) போன்றவற்றின் மாதிரிகளில் ஒரே பரிமாணத்தில் முடிவில்லாத சிம்ப்ளெக்ஸ்கள் இருக்குமே. அதை எந்த லிஸ்டில் போடுவது?

பதில்: எதிலும் போடாதீர்கள். பிரான்சிஸ் செர்ஜெரேரின் கென்சோ என்ற ஹோமாலஜி நிரல், காமன் லிஸ்ப் மொழியின் ஆப்ஜெக்ட் அமைப்பில் எழுதப்பட்டது. அதில் ஆப்ஜெக்ட் வைத்திருப்பது விதியை, பட்டியலை அல்ல. ஒரு சிம்ப்ளெக்ஸைக் கொடுத்தால் அதன் எல்லையைச் சொல்லும். 'எல்லாவற்றையும் காட்டு' என்றால் மறுத்துவிடும். கூடவே, அதே ஹோமாலஜி உள்ள ஒரு சிறிய, எண்ணி முடிக்கக்கூடிய காம்ப்ளெக்ஸையும், இரண்டுக்கும் இடையே போய்வரும் வழியையும் இணைத்து வைத்திருக்கும். மேட்ரிக்ஸ் கணக்கெல்லாம் அந்தச் சிறியதில்தான். பழைய வெளிகளிலிருந்து புதிய வெளியைக் கட்டும்போது, அதற்கான சிறிய காம்ப்ளெக்ஸையும் நிரலே கட்டிவிடும். அங்கே கைகொடுப்பது பெர்டர்பேஷன் லெம்மா, அதாவது எல்லை விதியைச் சற்று மாற்றினாலும் அந்த இணைப்பைச் சரிசெய்து தரும் தேற்றம். 3-கோளத்தின் (4 பரிமாணப் பந்தின் மேற்பரப்பு) லூப் ஸ்பேஸில் இரட்டைப்படைப் பரிமாணம் ஒவ்வொன்றிலும் ஒரு முழு எண் குழு கிடைப்பதை இப்படிப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், இந்தத் துறையில் ஆப்ஜெக்டுக்குக் கிடைத்த உண்மையான வேலை இதுதான்.

கேள்வி: மல்டிபிள் இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு கிளாஸ் பல கிளாஸ்களிலிருந்து பண்புகளைப் பெறுவது) ஆபத்து என்கிறார்களே?

பதில்: ஹாஃப் அல்ஜீப்ரா என்ற கணித அமைப்பு, அல்ஜீப்ரா (பெருக்கல் உள்ளது), கோஅல்ஜீப்ரா (அதைத் திருப்பிப் போட்டது) இரண்டுமே. கணிதமே அப்படி இருக்கும்போது கிளாஸும் அப்படி இருக்கட்டும். கென்சோவில் அப்படித்தான்.

கேள்வி: லிஸ்ப் தெரியாது, என்ன செய்ய?

பதில்: பைத்தான் அடிப்படையிலான கணித மென்பொருள் சேஜ்மேத்தில் தொடங்குங்கள். அப்புறம் தேவைப்பட்டால் அதிலிருந்தே கென்சோவை அழைக்கலாம்.