முகாமில் காசநோய்: கேள்வி பதில்

கொழும்பில் மார்பு நோய்ச் சிகிச்சையில் வேலை செய்யும் உறுப்பினர் பதில் சொல்கிறார்.

மண்டபம் முகாம் (தமிழ்நாடு): அப்பா 46 கிலோ. நாளுக்கு மூன்று பெரிய குளிசை. கூடிப்போச்சோ?

இல்லை, தங்கச்சி. ஒரு குளிசைக்குள் நாலு மருந்து: ரிஃபாம்பிசின் 150, ஐசோனியசிட் 75, பைரசினமைட் 400, எதாம்பியுடோல் 275 மில்லிகிராம். அவர் நிறைக்கு மூன்றுதான் சரி. இரண்டு மாதம் இது. பிறகு நாலு மாதம் பைரசினமைட் இல்லாத குளிசை. முகாமில் சாப்பாடு சீரானதும் நிறை ஏறும். நிறை நன்றாக ஏறினால் குளிசையும் கூடும், ஆகவே மாதாமாதம் தராசில் ஏற்றுங்கள். வெறும் வயிற்றில், எல்லாம் ஒரே தடவையில். சலம் செம்மஞ்சளாகப் போகும், அது இரத்தமில்லை. கண் மஞ்சளித்தாலோ, பார்வை மங்கிச் சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ, குளிசையை நிறுத்தி அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள்.

வெள்ளவத்தை: மூன்று கிழமையாக இருமல். பார்மசியில் லெவோஃப்ளோக்சசின் தந்தார்கள்.

சளி சோதிக்க முன்னம் அதைப் போடாதீர்கள். காசநோய்க் கிருமியை அது அரைகுறையாக அமுக்கும். இருமல் குறையும், சோதனையில் கிருமி பிடிபடாது, நோய் உள்ளே இருக்கும். வழக்கமான மருந்துக்கு அடங்காத, எதிர்ப்பு வந்த கிருமிக்கு வைத்திருக்கும் மருந்தும் வீணாகும்.

வவுனியா: மூன்று மாதத்தில் இடம் மாறப்போகிற சனத்துக்குச் சிகிச்சை தொடங்கலாமோ?

முகாமில் காசநோய்ச் சிகிச்சைத் திட்டம் தொடங்குவது வேறு, ஆளுக்கு மருந்து கொடுப்பது வேறு. திட்டத்துக்கு முதலில் சாவு வீதம் நாளுக்கு 10,000 பேரில் ஒன்றுக்குக் கீழே இறங்க வேண்டும். தண்ணீர், சாப்பாடு, கூரை கிடைத்திருக்க வேண்டும். ஆய்வுகூடமும், ஆளுக்கு ஆறு மாத மருந்தும் கையிருப்பில் வேண்டும். இவை இருந்தால், இடம் மாறப்போகிற ஆளுக்கும் தொடங்கலாம்.

புத்தளம்: பாதியில் விட்டால் எதிர்ப்பு வரும், டொக்டர். தொடங்காமல் விடுவதே நல்லம்!

அண்ணை, அரைவாசிதான் சரி. சளியில் கிருமி காணும் ஆளை மருந்தில்லாமல் விட்டால், ஐந்து வருடத்துக்குள் பாதிப் பேராவது சாவார்கள். அதுவரை ஒரே கூடாரத்தில் பத்துப் பேர் அந்தக் காற்றைத்தான் சுவாசிப்பார்கள். அவர் நடந்து போகிறார் என்பதற்காகக் கிருமி நிற்கப் போவதில்லை.

வவுனியா: அப்ப போகிற ஆளை எப்படிப் பிடிக்கிறது?

பதியும்போதே “அடுத்து எங்கே?” என்று கேளுங்கள். சிகிச்சை அட்டையின் பிரதி, சளி முடிவு, ஒரு மாதக் குளிசை ஆளின் கையில் இருக்கட்டும். புறப்பட முன்னமே அங்குள்ள கிளினிக்குக்கு அழைத்து, பொறுப்பேற்பவர் யாரென்று எழுதி வையுங்கள். இலங்கைக்குள் என்றால் மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம், மருந்து இலவசம்.

புத்தளம்: அட்டையைத் தொலைத்துவிடுவார்களே?

தொலைப்பார்கள். அதற்குத்தான் அந்த அழைப்பு.

மட்டக்களப்பு: சளி எடுத்தால் எச்சில்தான் வருகிறது.

காலையில், சாப்பிட முன்னம் வாயை வெறும் தண்ணீரால் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து இருமித் துப்ப வேண்டும். கூடாரத்துக்குள் வேண்டாம், வெளியே, ஆட்களிலிருந்து தள்ளி நின்று.

கொட்டாஞ்சேனை: வீட்டில் ஒருவருக்குக் காசநோய், மூன்று வயதுப் பிள்ளையும் இருக்கு.

பிள்ளையை உடனே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். நோய் இல்லையென்றால் தடுப்பு மருந்து கொடுப்பார்கள்.

மருதானை: சலம் சிவப்பாய்ப் போகுது, பயமோ?

முதல் பதிலை வாசியுங்கள்.

தெஹிவளை: இருமலுக்கு லெவோஃப்ளோக்சசின்...

சளி கொடுத்தாச்சோ?