லினக்ஸை மட்டுமே வைத்துக்கொண்டு அன்றாட வேலையை ஓட்ட முடியுமா?

ஓட்ட முடியும். விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இந்த லினக்ஸில்தான் 2006 முதல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பதில் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். தமிழ்ப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். நாள் முழுக்க எழுத்தோடுதான் பாடு. கேம்ஸ், வீடியோ எடிட்டிங் பற்றிக் கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது.

அந்த வருடம் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் 6.06 பதிப்பு சிடி தபாலில் இலவசமாக வந்தது. அப்போதெல்லாம் கேட்டால் அனுப்புவார்கள், ஒரு பைசா கிடையாது. வெளிநாட்டு உறையைக் கொடுத்த தபால்காரர் கொஞ்சநேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது அதில் திரை முகப்பாக (டெஸ்க்டாப்) இருந்தது க்னோம் 2. மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. ஐந்து வருடத்தில் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யும் அளவுக்குக் கை பழகிவிட்டது. 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தது. அதே மாதம் உபுண்டுவும் யூனிட்டி என்ற வேறு முகப்புக்கு மாறியது. ஊரிலிருந்து வந்த அத்தை நம் அடுப்படியை ஒழுங்குபடுத்திக் கொடுத்துவிட்டுப் போனது போல ஆகிவிட்டது. எல்லாம் பளிச்சென்று இருக்கிறது, உப்பு டப்பாவைத்தான் காணோம்.

அப்போது எக்ஸ்எஃப்சிஇ என்ற இன்னொரு முகப்பின் பக்கம் வந்தேன். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸும் அந்த வருடம் க்னோம் 3-ஐத் திட்டிவிட்டு இதற்குத்தான் வந்தார். அவர் பிறகு திரும்பிப் போய்விட்டார், நான் போகவில்லை. இதன் 4.12 பதிப்பு 2015 பிப்ரவரியில் வந்தது, அடுத்த 4.14 வந்தது 2019 ஆகஸ்டில். நடுவில் நாலரை வருடம்! செத்துப்போன திட்டம் என்று பலர் கேலி செய்தார்கள். எனக்கு அந்த மந்தம்தான் பிடித்திருந்தது. அடியில் டெபியன் ஸ்டேபிள் என்ற நிதானமான லினக்ஸ் வகை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெரிய மாற்றம், அதையும் கையில் புத்தக வேலை இல்லாத வாரமாகப் பார்த்துச் செய்வேன்.

அன்றாடம் எது இல்லாமல் முடியாது என்றால், சின்ன விஷயங்கள்தான். எழுத்தைத் தேர்வு செய்துவிட்டு வேறோர் இடத்தில் மவுஸ் சக்கரத்தை அழுத்தினால் அங்கே ஒட்டிவிடும், காப்பி கட்டளையே வேண்டாம். அடுத்தவர் விண்டோஸில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்குச் சக்கரத்தை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருப்பேன். தட்டச்சுக்கு ஐபஸ் என்ற மென்பொருள், தமிழ்99 விசைப்பலகை முறை.

அதற்கப்புறம் கிரெப் என்ற தேடும் கட்டளை. இது இல்லையென்றால் நான் எப்போதோ விண்டோஸுக்குப் போயிருப்பேன் என்று நினைக்கிறேன். கோப்பை வெறும் உரையாகச் சேமித்துக்கொண்டு, ‘இந்த’ என்ற சொல், ஓர் இடைவெளி, பிறகு க ச த ப நாலில் ஏதாவது ஒன்று என்று தேடச் சொன்னால் போதும். ‘இந்த காலம்’, ‘இந்த பக்கம்’ என்று ஒற்று விட்ட இடமெல்லாம் வரி எண்ணோடு வந்து நிற்கும். 300 பக்கப் புத்தகத்துக்குக் கண்ணை இமைக்கும் நேரம். கண்ணால் பார்த்துப் பிடிக்கவே முடியாத பிழையும் உண்டு. ‘கௌரவம்’ என்பதில் ஔகாரக் குறி போடாமல் கொம்பும் ளகரமுமாகத் தட்டி வைத்திருப்பார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் மட்டும் பாதி சிக்காது. இதற்கென்று பத்து வரியில் ஒரு பைத்தான் நிரல் எழுதி வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த நிரலாக்கம் அவ்வளவுதான்.

இனி குறைகள். பக்க வடிவமைப்புக்கு ஸ்க்ரைபஸ் என்று ஒன்று உண்டு. 1.4 வரிசையில் தமிழைப் போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறும். 1.5 சோதனைப் பதிப்புகளில்தான் அது சரியானது, நிலையான 1.6 வந்தது 2024-இல். அதற்குள் நான் வேர்டு போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸிலேயே காலம் தள்ளப் பழகிவிட்டேன். பதிப்பகங்கள் அனுப்பும் வேர்டு கோப்பில் அடிக்குறிப்பு சில சமயம் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். அதனால் வடிவமைப்பில் கை வைப்பதில்லை, திருத்தங்களைக் குறித்து மட்டும் அனுப்புவேன்.

பென்டிரைவ் போன்ற சாவியைச் செருகிப் போடும் யுஎஸ்பி டிஜிட்டல் கையொப்பம் என்றால் இன்றும் தங்கை வீட்டு விண்டோஸ்தான் கதி. அந்தச் சாவிக்கான மென்பொருளை லினக்ஸில் ஓட்ட இரண்டு நாள் மல்லுக்கட்டித் தோற்றவன் நான். இதை மறைத்துவிட்டு ‘எல்லாம் முடியும்’ என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள்.

மாறுவதாக இருந்தால் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டு மாறுங்கள். வைஃபை வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் லேப்டாப் விழிக்கிறதா, பிரிண்டர் பேசுகிறதா என்று இந்த மூன்றையும் பார்த்தால் போதும். நான் மூன்றாவதைப் பார்க்காமல் பிரிண்டர் வாங்கினேன். அதை இயக்கும் மென்பொருள் (டிரைவர்) இருந்தது, ஆனால் ஒரு பக்கம் அடித்துவிட்டு மௌன விரதத்தில் உட்கார்ந்துவிடும். ஒரு மாதம் போராடி மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது தெருமுனை ஜெராக்ஸ் கடைதான். கடைப் பையன் பென்டிரைவை வாங்கும்போதெல்லாம் கேட்கிறான்: “வேர்டா, பிடிஎஃப்பா சார்? பிடிஎஃப்னா குடுங்க.”