அரை மில்லிமீட்டர் எங்கே போனது?

கேள்வி: ஒரே ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் (திருகு மூலம் நுண்ணளவு எடுக்கும் கருவி) நான் அளந்தால் 7.98 மி.மீ.; உடன் வேலை செய்பவர் அளந்தால் 7.48. யார் சொல்வது சரி?

பதில்: வித்தியாசம் சரியாக அரை மில்லிமீட்டர். அதிலேயே காரணம் தெரிந்துவிடுகிறது. சாதாரண மெட்ரிக் மைக்ரோமீட்டரில் திம்பிளை (கையால் சுழற்றும் உருளையை) ஒரு முழுச் சுற்று திருப்பினால் ஸ்பிண்டில் (பொருளைத் தொடும் நகரும் முனை) 0.5 மி.மீ. நகரும். திம்பிளில் 50 பிரிவுகள், பிரிவுக்கு 0.01. ஆக, ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு சுற்று. இப்போது நிற்பது முதல் சுற்றா, இரண்டாவதா என்பதை ஸ்லீவில் (அளவுக் கோடுகள் உள்ள அசையாத உருளையில்) உள்ள அரை மி.மீ. கோட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

திம்பிள் 45-ஐத் தாண்டி 0-வை நெருங்கும்போது அடுத்த அரைக் கோடு விளிம்போரம் தலைகாட்ட ஆரம்பித்துவிடும். கோட்டுக்கும் தடிமன் உண்டல்லவா? அதை நம்பி 7.5 + 0.48 என்று கூட்டியிருப்பீர்கள். திம்பிளின் 0 ஸ்லீவின் நடுக்கோட்டைத் தாண்டாதவரை அந்த அரையைச் சேர்க்கக் கூடாது. 7 + 0.48, அதாவது 7.48தான் சரியாக இருக்கும். வெர்னியர் காலிப்பரில் (நகரும் தாடையுள்ள அளவுகோலில்) ஒருமுறை பிடித்துப் பாருங்கள், அரை மி.மீ. தவறு உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: மைக்ரோமீட்டரை முழுக்க மூடினாலும் 0 வருவதில்லை. கூட்டுவதா, கழிப்பதா?

பதில்: முதலில் துடையுங்கள். பொருளைப் பிடிக்கும் இரு முகங்களுக்கும் நடுவில் சுத்தமான தாளை லேசாகப் பிடித்து இழுத்தாலே எண்ணெய்ப் படலமும் தூசும் வந்துவிடும். பிறகு ராட்செட்டால் (கடைசியில் உள்ள, அழுத்தம் மிகாமல் நழுவும் குமிழால்) மட்டும் மூடுங்கள். இரண்டு மூன்று 'கிளிக்' போதும். திம்பிளைப் பிடித்து இறுக்கினால் அளவு குறைந்துதான் வரும். அதற்குப் பிறகும் நடுக்கோட்டில் 2 நின்றால், எல்லா அளவிலிருந்தும் 0.02 கழியுங்கள். 48 நின்றால் 0.02 கூட்டுங்கள்.

கேள்வி: 0.02 மி.மீ. வரை காட்டும் வெர்னியர் காலிப்பரில், நகரும் அளவுகோலின் (வெர்னியரின்) மூன்று கோடுகள் முதன்மை அளவுகோலின் கோடுகளோடு சேர்ந்தாற்போல் தெரிகின்றன. எதை எடுப்பது?

பதில்: நடுவில் உள்ளதை. உண்மையாகப் பொருந்தும் கோட்டுக்கு இடப்பக்கக் கோடு சற்று வலமாகவும், வலப்பக்கக் கோடு அதே அளவு இடமாகவும், இரண்டும் உள்நோக்கி விலகியிருக்கும். அந்தச் சமநிலையைத் தேடுங்கள். கண் நேர் எதிரே இருக்க வேண்டும். சாய்ந்து பார்த்தால் பக்கத்துக் கோடு பொருந்துவதுபோல் தெரியும். முதன்மை அளவுகோலில் 23 தாண்டி, வெர்னியரில் 17-ஆவது கோடு பொருந்தினால் 23 + 17 × 0.02 = 23.34 மி.மீ.

பொருளைத் தாடையின் நுனியில் பிடிக்காமல் அளவுகோல் தண்டுக்கு அருகில் பிடியுங்கள். நகரும் தாடையில் சிறு ஆட்டம் இருந்தாலும் நுனியில் அது பெரிதாகிவிடும்.

கேள்வி: லேத்திலிருந்து (கடைசல் எந்திரத்திலிருந்து) எடுத்ததும் அளக்கலாமா?

பதில்: ஆற விடுங்கள். அளவுகளுக்கான சர்வதேச அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். 100 மி.மீ. எஃகுத் துண்டு 10 டிகிரி கூடுதல் சூட்டில் ஏறக்குறைய 0.011 மி.மீ. நீளும், திம்பிளில் ஒரு பிரிவுக்கும் மேல். அலுமினியமென்றால் அதைப்போல் இரு மடங்கு.