குடியை விட்டவரிடம் கேட்டவை

திருகோணமலையில் பதினொரு வருடமாகக் குடிக்காமல் இருப்பவன் நான். அதற்கு முன் எப்படி இருந்தேன் என்பது எங்கள் ஒழுங்கைக்கே தெரியும். ஏ.ஏ. கூட்டங்கள் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஏ.ஏ. என்றால் என்ன? காசு கட்ட வேண்டுமா? யாரும் மதம் மாற்றுகிற வேலையா? (மேசன், உப்புவெளி)

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் ஒரு பங்குச்சந்தைக்காரரும் ஒரு டொக்டரும் தொடங்கியது. இரண்டு பேரும் குடித்துச் சீரழிந்தவர்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் சேரலாம், வேறு தகுதி இல்லை. கட்டணமும் இல்லை. கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து ஆளிடம் கொடுங்கள். தேத்தண்ணிக்கும் வாடகைக்கும் அதுதான். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை.

கடவுள் என்ற சொல் வரும். ஆனால் ‘அவரவர் புரிந்துகொண்டபடி’ என்று சேர்த்தே வரும். கோணேசரைக் கும்பிடுகிறவரும் மாதாவைக் கும்பிடுகிறவரும் ஒன்றையும் கும்பிடாதவரும் ஒரே மேசையில் இருந்திருக்கிறோம்.

எங்கட வீட்டுக்காரர் காலையில் கை நடுங்கினால் ஒரு கால் போத்தல் எடுத்தால்தான் நிற்கும். நாளையோடு நிறுத்து என்று சொல்லட்டுமா? சோற்றில் கலந்து கொடுக்க மாத்திரை இருக்கிறதாமே? (திருக்கடலூர்)

தங்கச்சி, இரண்டுமே வேண்டாம்.

காலையில் கை நடுங்குகிறது என்றால் உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டது. அப்படிப்பட்டவர் சடாரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாத ஆட்களோடு கதைப்பது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பது, காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு எல்லாம் வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். ‘பேய் பிடித்திட்டுது’ என்று பார்வை பார்க்கக் கூட்டிப்போய் நேரத்தைத் தொலைத்த வீடுகளை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். நடுக்கத்தை அடக்க மருந்தும் பி1 விற்றமினும் கொடுத்துச் சில நாளில் பத்திரமாக இறக்கி விடுவார்கள். வலிப்பு வந்தால் 1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அதற்குக் காசில்லை. கூட்டம் அதற்குப் பிறகு. நாங்கள் டொக்டர்கள் இல்லை. டொக்டர் தந்த மருந்தை நிறுத்து என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் அந்தப் பேச்சைக் காதில் போடாதீர்கள்.

சோற்றில் கலக்கச் சொல்கிற மாத்திரை பெரும்பாலும் டைசல்பிராம். அதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவக்கும், சத்தி வரும், பிரஷர் விழும், சிலருக்கு நெஞ்சே நின்றுவிடும். தெரிந்து, சம்மதித்து, டொக்டர் கண்காணிப்பில் எடுப்பவருக்கு அது மருந்து. தெரியாமல் ஊட்டினால் நஞ்சு.

எங்கட நானா (அண்ணன்) ஒளித்துக் குடிக்கிறார். வெளியில் தெரிந்தால் எங்கள் ஆட்கள் மத்தியில் தலை காட்ட முடியாது. (கிண்ணியா)

பெயர் சொல்லாமை எங்களுக்கு வெறும் மரியாதைக்காக அல்ல, அது விதி. அங்கே யாரைப் பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள் என்பது அங்கேயே நிற்கும். நான் பெயர் போடாததும் அதனால்தான். இன்னொன்று, குடிக்கிறவரின் வீட்டாருக்கென்றே அல்-அனான் என்று தனி அமைப்பு 1951 முதல் இருக்கிறது. நானா வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.

கூட்டம் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (மூதூர்)

இடமும் நேரமும் மாறும், அதனால் முகவரி எழுத மாட்டேன். மனநலக் கிளினிக்கில் கேளுங்கள். 1927 அபாயகர ஔடதக் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம், 1926 மனநல உதவிக்கு. இரண்டிலும் விசாரிக்கலாம்.

நான் பலருக்கும் முதலில் சொல்வது ஸூம். தமிழ்நாட்டுக் குழுக்கள் தமிழிலேயே நடத்துகின்றன. நமக்கும் அவர்களுக்கும் மணிக்கூடு ஒன்றுதான், எட்டு மணி என்றால் எட்டு மணி. கமராவை மூடிவிட்டுச் சும்மா கேட்டுக்கொண்டிருக்கலாம். பேச்சு வழக்கு முதலில் கொஞ்சம் இடிக்கும், கதை எல்லாம் நம்முடைய கதைதான்.

முதல் நாளே எழும்பிப் பேச வேண்டுமா?

வேண்டாம். ‘இன்றைக்குக் கேட்க வந்தேன்’ என்றால் போதும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே போக மாட்டார், புத்தி சொல்லவும் மாட்டார். எனக்கு முதல் நாள் அதுதான் அதிசயமாக இருந்தது. வீட்டிலும் வேலையிலும் புத்தி கேட்டே காது புளித்திருந்தது. குடிக்கிறவர் அல்லாதவர் கூட வரும் திறந்த கூட்டம், நமக்கு மட்டும் நடக்கும் மூடிய கூட்டம் என்று இரண்டு உண்டு. முதலில் திறந்ததற்குப் போனால் மனைவியையோ அண்ணனையோ கூட்டிப்போகலாம்.

எட்டு மாதம் நின்றுவிட்டு கலியாண வீட்டில் குடித்துவிட்டேன். திரும்பப் போக வெட்கமாக இருக்கிறது.

இன்றைக்கே போங்கள்.

எங்கள் பக்கம் ஒருவரும் இல்லை. நான் தனி ஆள். (வெருகல்)

இன்னொருவர் போதும். குடியை விட நினைக்கும் இரண்டு மூன்று பேர் கூடினால் அதுவே குழு, யாருடைய அனுமதியும் தேவையில்லை. எங்களுடையது ஒரு நண்பரின் தையல் கடைப் பின்னறையில், இரண்டு கதிரையும் ஒரு பிளாஸ்க் தேத்தண்ணியுமாகத் தொடங்கியது. எட்டுக் கிழமை நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பேச ஒன்றுமில்லாத நாளில் கடல் நிலவரம் கதைத்தோம். மூன்றாவது ஆள் ஒன்பதாவது கிழமைதான் வந்தார். வந்தவர் சொன்ன முதல் வார்த்தை, தேத்தண்ணிக்குச் சீனி காணாது.